பின்மண்டையில் அடி, முன்மூளையில் காயம்

கேள்வி: டாக்டர், பெரம்பூரில் எங்கள் அப்பாவின் சொந்த வீடு இருக்கிறது. அவருக்கு 68 வயது, அம்மா இல்லை. நான் கல்யாணமாகி கொளத்தூரில் இருக்கிறேன். தம்பி அப்பாவோடு இருக்கிறான். மூன்று மாதத்துக்கு முன் ஒரு விடியற்காலை, மாடிப்படிக்குக் கீழே அப்பா நினைவில்லாமல் கிடந்தார். நைட் ஷிஃப்ட் முடிந்து ஐந்தரை மணிக்கு வந்த தம்பிதான் முதலில் பார்த்தானாம். 108-இல் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா போய்விட்டார்.

போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டில் 'தலைக்காயத்தால் மரணம்' என்று மட்டும்தான் இருக்கிறது. விழுந்தாரா, தள்ளினார்களா, அடித்தார்களா என்று ஒரு வார்த்தை இல்லை. சித்தப்பா அதைப் படித்துவிட்டு, "மண்டை உடைஞ்சது பின்னால, மூளை அடிபட்டது முன்னால. அப்போ ரெண்டு அடி. கண்ணு ரெண்டும் கறுத்துப்போய் இருந்ததே, முகத்துல குத்தியிருக்கான்" என்கிறார். யாரைச் சொல்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். வீட்டை எழுதிக் கொடுக்கிற விஷயத்தில் இரண்டு மாதமாக அப்பாவும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. கண் கறுத்ததை நானே மதியம் ஐ.சி.யூ.வில் பார்த்தேன்.

அன்று காலை மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் வழிந்து படியெல்லாம் ஈரமாக இருந்ததாக எதிர்வீட்டு அக்கா சொன்னார். போலீஸ் வருவதற்குள் அக்கம்பக்கத்தார் ரத்தத்தைக் கழுவிவிட்டார்கள். தலையில் அடிபட்டவருக்கு எதற்கு விசரா (உள்ளுறுப்புகள்) எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள் என்பதும் புரியவில்லை. ரிப்போர்ட் நகலை இணைத்திருக்கிறேன். என் தம்பி செய்தானா, இல்லையா? உங்களால் சொல்ல முடியுமா?

- பெரம்பூர் வீட்டுப் பெண்

பதில்: முடியாது, அம்மா. என்னால் மட்டுமல்ல, போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டராலும் முடியாது. ஆனால் சித்தப்பா போட்ட இரண்டு கணக்கும் தப்பு என்று சொல்ல முடியும். அதற்கு நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டே போதும்.

இரண்டாம் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பின்மண்டையில் நடுவுக்குச் சற்று வலப்புறமாக, 4 செ.மீ. நீளத்துக்குத் தோல் கிழிந்த காயம். அதற்கு அடியில் எலும்பில் ஒரு நீளக் கோடாக விரிசல். மண்டையைத் திறந்து மூளையைப் பார்த்திருக்கிறார்கள். அடிபட்ட இடத்துக்கு நேர் கீழே மூளையில் பெரிதாக ஒன்றுமில்லை. எதிர்ப்பக்கம், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையின் அடிப்பாகமும், இரண்டு நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் மூளையின் நுனிகளும் நசுங்கிக் கன்றியிருக்கின்றன. சித்தப்பா இதைத்தான் இரண்டாவது அடி என்கிறார். போஸ்ட்மார்ட்டம் செய்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இது அப்படியே தலைகீழ்ச் செய்தி.

கோயில் வாசலில் சிதறுகாய் உடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். தேங்காய் வேகமாகப் போய்க் கல்லில் மோதுகிறது. வீட்டில் உடைக்கும்போது தேங்காய் கையில் சும்மா இருக்கிறது, அரிவாள்தான் அதன் மேல் வந்து விழுகிறது. உடைவது என்னவோ இரண்டிலும் தேங்காய்தான். மனிதத் தலை அப்படியில்லை. எது நகர்ந்தது, எது நின்றது என்பதை மூளை எழுதி வைத்துக்கொள்கிறது. தலை அசையாமல் இருக்க, கட்டையோ கம்பியோ வந்து தாக்கினால், அடி விழுந்த இடத்துக்கு நேர் கீழேதான் மூளை அதிகமாகச் சேதமாகும். தலையே நகர்ந்து போய்த் தரையில் மோதினால், மோதிய பக்கத்தைவிட எதிர்ப்பக்கத்து மூளை அதிகம் அடிபடும். மல்லாந்து விழுந்தவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்.

ஏன் முன்பக்கம்? மண்டையோட்டின் அடித்தளத்தை ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்த மாணவன் அதை மறக்க மாட்டான். பின்பக்கம் கிண்ணம் போல வழவழவென்று இருக்கும். முன்பக்கம், கண்குழிகளுக்குக் கூரையாக நிற்கும் எலும்பு, புதிதாகக் கொத்திய அம்மி மாதிரி மேடும் பள்ளமுமாகச் சொரசொரக்கும். கையுறைக்கு மேலேயே தெரியும். மூளையோ ஆடைத் தயிர் மாதிரி மெத்தென்ற பண்டம். மல்லாந்து விழுந்து தலை திடீரென்று நிற்கும்போது, அந்த அம்மியின் மேல்தான் அது இழுபடுகிறது. ஆகவே உங்கள் அப்பாவின் தலையில் விழுந்தது ஒரே ஓர் அடி. கட்டையால் பின்னாலிருந்து தாக்கியது என்பதைவிட, நகர்ந்த தலை கெட்டியான ஏதோ ஒன்றில் மோதியது என்பதுதான் இதற்குப் பொருந்தி வருகிறது.

கண் கறுத்ததும் இதோடு சேர்ந்ததுதான். கண்குழியின் கூரை எலும்பு சில இடங்களில் முட்டை ஓடு கனம்தான் இருக்கும். பின்மண்டையில் விழும் அதிர்ச்சியிலேயே அது விரிசல் விடுவதுண்டு. உங்கள் ரிப்போர்ட்டிலும் அந்த விரிசல் பதிவாகியிருக்கிறது. கசியும் ரத்தம் மெல்ல இறங்கி இமைக்குள் தங்கும். அதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். மதியம் பார்த்ததாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். காலையில் ஆம்புலன்ஸில் ஏற்றும்போது கறுத்திருந்ததாக யாரும் சொல்லவில்லை. முஷ்டியால் குத்தியிருந்தால் புருவ மேட்டிலோ கன்ன எலும்பிலோ தோல் சிராய்ந்திருக்கலாம், மூக்கு வீங்கியிருக்கலாம், உதட்டின் உள்பக்கம் பல் பதிந்து கிழிந்திருக்கலாம். டாக்டர் இவற்றைத் தேடிப் பார்த்து, இல்லை என்று எழுதியிருக்கிறார். 'இல்லை' என்று எழுதும் டாக்டரை எனக்குப் பிடிக்கும். பலர் இருப்பதை மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிடுவார்கள். பிறகு கோர்ட்டில், தேடினீர்களா தேடவில்லையா என்று வக்கீல் கேட்கும்போது விழிப்பார்கள்.

இந்த இடத்தில் நீங்கள் பெருமூச்சு விட்டிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

பணியில் சேர்ந்து பத்து வருடம் ஆகியிருந்தபோது எனக்கு ஒன்று நடந்தது. நாற்பது வயது ஆள், இரவு மதுக்கடைக்கு எதிரே நடைபாதையில் கிடந்தார். மறுநாள் என் மேஜைக்கு வந்தார். பின்மண்டையில் காயம், எலும்பில் விரிசல், முன்மூளை கன்றியிருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு எழுதியிருப்பதை வரிக்கு வரி எழுதலாம். வயிற்றைத் திறந்தவுடன் சாராய நெடி. வேலை முடிந்து வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோது இன்ஸ்பெக்டர், "டாக்டர், போதையில விழுந்ததுதானே?" என்றார். "வேறென்ன?" என்றேன். நான்கு நாள் கழித்து அதே இன்ஸ்பெக்டர் ஒரு சி.டி.யோடு வந்தார். எதிர்ச்சாரிக் கடையின் கேமராவில் பதிவானது. இரண்டு பேர் ஏதோ வாக்குவாதம் செய்கிறார்கள். ஒருவர் இரண்டு உள்ளங்கையையும் விரித்து மற்றவரின் மார்பில் வைத்து ஒரு தள்ளு தள்ளுகிறார். அவ்வளவுதான், நான்கு நொடி. தள்ளப்பட்டவர் மரம் மாதிரி மல்லாந்து விழுகிறார். நான் அந்த மார்பை வெளியேயும் உள்ளேயும் பார்த்திருந்தேன். ஒரு சின்னக் கன்றல்கூட இல்லை. சட்டைக்கு மேல் விரித்த கை தள்ளினால் தடயம் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

ரிப்போர்ட்டில் நான் எழுதியது சரியாகத்தான் இருந்தது: தலைக்காயத்தால் மரணம். டீக்கடையில் சொன்னதுதான் தப்பு. அதற்குப் பிறகு மார்ச்சுவரிக்கு வெளியே யார் என்ன கேட்டாலும், "ரிப்போர்ட்ல எழுதியிருக்கேன், பாருங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

வழுக்கி விழுந்த மண்டையும் தள்ளி விழுந்த மண்டையும் மேஜைமேல் ஒரே மாதிரிதான் இருக்கும். எதனால் உயிர் போனது என்பது மரண காரணம். அதை உடம்பு சொல்லும். அந்தக் காயம் எப்படி வந்தது, இயற்கையா, விபத்தா, தற்கொலையா, கொலையா, அல்லது தீர்மானிக்கவே முடியாததா என்பது மரணம் நேர்ந்த விதம். அதை உடம்பு பாதி சொல்லும், சில சமயம் கால்வாசிகூடச் சொல்லாது. மீதியை இடமும் மனிதர்களும்தான் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இந்த ஐந்தில் ஒன்றை மருத்துவப் பரிசோதகரே சான்றிதழில் குறித்துவிடுவார். வெப் சீரிஸ் பார்க்கிறவர்கள் அதனால்தான் நம் ரிப்போர்ட்டிலும் அதைத் தேடுகிறார்கள். நம் ஊரில் டாக்டர் எழுதுவது காரணத்தை. விதத்தைத் தேடுவது போலீஸின் வேலை. கடைசி வார்த்தை கோர்ட்டுடையது.

அதற்காக டாக்டர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதில்லை. விசாரணை அதிகாரி எழுத்தில் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். 'இந்தக் காயம் படியில் விழுந்து ஏற்பட்டிருக்கக்கூடுமா? கட்டையால் அடித்து ஏற்பட்டிருக்கக்கூடுமா?' 'ஏற்பட்டிருக்கக்கூடும்' என்பதற்கும் 'ஏற்பட்டது' என்பதற்கும் நடுவில் ஒரு மனிதனின் ஆயுள் தண்டனை கிடக்கிறது என்பதால் நாங்கள் அந்த வார்த்தைகளை எடைபோட்டுத்தான் எழுதுவோம். உங்களுக்கு அது மழுப்பலாகத் தெரியலாம்.

இந்த வித்தியாசம் இந்த ஊருக்கு ரொம்பப் பழசு. இந்தியாவில் பதிவாகியுள்ள முதல் மருத்துவச் சட்டப் பிரேதப் பரிசோதனை நடந்ததே இங்கேதான். 1693 ஆகஸ்ட் 28 அன்று, மதராஸில், எட்வர்ட் பல்க்லி என்ற டாக்டர் செய்தார். இறந்தவர் கோட்டை கவுன்சில் உறுப்பினர் வீலர். அவருக்கு வைத்தியம் பார்த்த சாமுவேல் பிரவுன் என்ற டாக்டர், தான் கொடுத்த மருந்தே அவரைக் கொன்றுவிட்டது என்று தானே ஒப்புக்கொண்டார். நடந்தது என்னவென்றால், மருந்துக்கு முத்தைப் பொடி செய்த கல்லுரலில் அதற்கு முன் பாஷாணத்தை இடித்திருந்தார்கள். உரலைச் சரியாகக் கழுவவில்லை. மரண காரணம் ஆர்சனிக் விஷம். வெறும் உடலை மட்டும் பார்த்தால் அது கொலையாகவும் இருக்கலாம், தற்கொலையாகவும் இருக்கலாம். விபத்து என்று சொன்னது உடல் இல்லை, உரல். ஜூரிகளும் டாக்டரை விட்டுவிட்டார்கள்.

உங்கள் வீட்டில் அந்த உரலுக்குச் சமமானது மாடிப்படி. அதைத்தான் கழுவிவிட்டார்கள்.

நம் மக்களைக் குறை சொல்லவில்லை. ரத்தத்தைப் பார்த்ததும் ஒரு வாளித் தண்ணீரும் கொஞ்சம் பினாயிலும் கொண்டுவருவது நமக்குக் கை தானாகச் செய்கிற வேலை. குழந்தைகள் நடக்கிற இடம், நாலு பேர் வந்துபோகிற இடம். ஆனால் எந்தப் படியின் விளிம்பில் ரத்தமும் முடியும் ஒட்டியிருந்தன, ரத்தம் ஒரே இடத்தில் தேங்கியிருந்ததா, படிப்படியாகத் தெறித்திருந்ததா, செருப்பு இரண்டும் ஒரே படியில் கிடந்தனவா, ஒன்று மேலே ஒன்று கீழேயா, பாசியில் சறுக்கிய கோடு இருந்ததா என்று கேட்டுப் பதில் வாங்க வேண்டிய இடம் அது. என் 31 வருட சர்வீஸில் கெட்டுப்போன வழக்குகளில், மார்ச்சுவரியில் கெட்டதைவிட வாளித் தண்ணீரில் கெட்டது அதிகம் என்றே தோன்றுகிறது.

சரி, விசராவுக்கு வருகிறேன். தலைக்காயம் என்று கண்ணுக்கே தெரியும்போது இரைப்பையையும் ஈரலையும் சிறுநீரகத்தையும் ஏன் உப்புக் கரைசலில் போட்டு அனுப்ப வேண்டும்? ஏன் விழுந்தார் என்பதற்காக. மதுவா, தூக்க மாத்திரையா, யாராவது எதையாவது கலந்து கொடுத்தார்களா? அந்த ஜாடிகள் போவது காமராசர் சாலையில் இருக்கும் தடய அறிவியல் துறைக்கு. 1849-இல் மதராஸில் தொடங்கிய ரசாயனப் பரிசோதனைக் கூடத்தின் வாரிசு அது. முடிவு வர மாதங்கள் ஆகலாம். வந்த பிறகுதான் டாக்டர் இறுதிக் கருத்தை எழுதுவார். உங்கள் கையில் இருப்பதில் 'கருத்து நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்ற வரி இருக்கிறதே, அது எதையோ மறைக்கிறார்கள் என்பதல்ல, லேபுக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது.

ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவைக்கிறேன். லேபிலிருந்து 'மது இல்லை' என்று வந்தால் அதை வைத்து யாரும் எந்த முடிவுக்கும் வர வேண்டாம். ரத்தத்திலிருந்து மது மணிக்குச் சுமாராக 15 முதல் 20 மில்லிகிராம் வரை இறங்கிக்கொண்டே இருக்கும், 100 மில்லி ரத்தத்துக்கு. அப்பா ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தது 36 மணி நேரம். முதல் நாள் இரவு நன்றாகக் குடித்திருந்தால்கூட அதற்குள் எல்லாம் போயிருக்கும். வேண்டியது, சேர்த்த அன்று காலை எடுத்த ரத்தம். அதில் பார்த்தார்களா என்று கேஸ் ஷீட்டில் தேடச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டில் என் கண் நின்ற இன்னும் இரண்டு வரிகள் உண்டு. ஒன்று, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்றில் முக்கால்வாசி அடைப்பு. புதிய மாரடைப்புக்கு அடையாளம் இல்லை. இப்படிப்பட்ட இதயம் படி ஏறி இறங்கும்போது ஒரு கணம் தடுமாறி, மயக்கம் வந்து விழுந்திருக்கலாம். அப்படித் தடுமாறிய இதயம் தழும்பு எதையும் விடாது. அதனால் இருந்தது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

இரண்டாவது வரியை நீங்களோ சித்தப்பாவோ கவனிக்கவில்லை போலிருக்கிறது. இடது மேல்கையின் உட்பக்கம் 2 செ.மீ. அளவில் ஒரு கன்றல். யாராவது கையை இறுக்கிப் பிடித்தாலும் அங்கேதான் விழும். நினைவில்லாதவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் போட்டாலும் அங்கேதான் விழும். ஆஸ்பத்திரியில் பி.பி. பட்டை கட்டுவதும் அங்கேதான். இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் உங்களுக்கு இன்று இரவு நிம்மதியாகத் தூக்கம் வந்திருக்கும். ஆனால் நாளை ஒரு வக்கீல் இதைக் கண்டுபிடித்துச் சொன்னால் நீங்கள் என்னை நம்ப மாட்டீர்கள். என் அபிப்பிராயத்தில் ஒற்றைக் கன்றலை வைத்து ஒரு கையைக் கற்பனை செய்யக் கூடாது. பிடித்து உலுக்கும் கை பெரும்பாலும் இரண்டு மூன்று விரல் பதித்துவிட்டுப் போகும். அடியைத் தடுக்கக் கை தூக்கியவருக்கு முன்கையின் வெளிப்பக்கமும் புறங்கையும் அடிபட்டிருக்கும். இங்கே அவை சுத்தமாக இருக்கின்றன. உள்ளங்கையில் சிராய்ப்பு இல்லாதது எதையும் நிரூபிக்காது. மல்லாந்து விழுகிறவர் கையை ஊன்றுவது கடினம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. போலீஸ் நிலையத்தில் பதிவான எஃப்.ஐ.ஆர். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-க்குப் பதிலாக, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்தின் 194-ஆம் பிரிவில் இருக்கும். சந்தேக மரணம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து அலற வேண்டாம். இயற்கையல்லாத பல மரணங்களுக்குத் தொடக்கம் அதுதான். அதோடு சேர்ந்து பிரேத விசாரணை அறிக்கை ஒன்று இருக்கும். பஞ்சாயத்தார் என்று அக்கம்பக்கத்து ஆட்கள் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அவர்கள் யார் என்று பாருங்கள். அந்த அறிக்கை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

அப்புறம், ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி. விபத்துப் பதிவேட்டின் நகல். எமர்ஜென்சியில் ட்யூட்டி டாக்டர், யார் கொண்டுவந்தது, எத்தனை மணிக்கு, என்ன நடந்ததாகச் சொன்னார்கள் என்று முதலில் எழுதிய ஒற்றைத் தாள். கோர்ட்டில் இந்தத் தாளுக்கு இருக்கும் மதிப்பு பல பேருக்குத் தெரியாது. குடும்பம் கூடிப் பேசுவதற்கு முன், வக்கீல் வருவதற்கு முன், வாய்க்கு வந்தபடி சொன்னது அது. தம்பி, 'படியில் வழுக்கி விழுந்தார்' என்று சொல்லியிருந்தால், பார்க்காதவருக்கு வழுக்கியது எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். 'படிக்குக் கீழே கிடந்தார்' என்று சொல்லியிருந்தால் அது வேறு. முதலில் சொன்னதை வைத்து நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். ஈரப் படியின் அடியில் அப்பா கிடப்பதைப் பார்த்தால் யாருக்குமே வாயில் முதலில் வருவது 'வழுக்கி விழுந்தார்' என்பதுதான். சேர்த்தவுடன் எடுத்த சி.டி. ஸ்கேன் படங்களையும் வாங்கி வையுங்கள். ஆபரேஷன் எதுவும் நடக்காததால் அவையும் போஸ்ட்மார்ட்டமும் ஒத்துப்போக வேண்டும்.

கடைசியாக, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்தத் தண்ணீர். மருத்துவத்தைவிட எனக்கு இதுதான் பெரிதாகப்படுகிறது. விடியற்காலையில் மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் வழிகிறது என்றால் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. பெரம்பூரில் சம்ப்பிலிருந்து டேங்குக்குத் தண்ணீர் ஏற்ற அப்பா தினமும் எத்தனை மணிக்கு மோட்டார் போடுவார்? உங்களுக்குத் தெரியாவிட்டால் எதிர்வீட்டு அக்காவுக்குத் தெரிந்திருக்கும், அந்தச் சத்தத்தில்தான் தெருவில் பாதிப் பேர் எழுந்திருப்பார்கள். டேங்க் நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது? அதை நீங்களே ஒரு நாள் மோட்டாரைப் போட்டுக் கடிகாரத்தில் பார்க்கலாம். உதாரணத்துக்கு நாலரைக்குப் போட்டு நாற்பது நிமிடம் ஆகும் என்றால், ஐந்து பத்துக்கு வழியத் தொடங்கியிருக்கும். சத்தம் கேட்டு மேலே போனவர், கீழே இருக்கும் ஸ்விட்சை அணைக்க ஈரப் படியில் அவசரமாக இறங்கியிருந்தால், கால் முன்னால் சறுக்கும், பின்மண்டை படி விளிம்பில் மோதும். ரிப்போர்ட்டில் இருக்கும் காயம் அதற்குப் பொருந்துகிறது. இது ஊகம்தான். அந்த நேரத்தில் படியில் இன்னொருவர் நின்றிருந்தால் இதே காயம்தான் இருக்கும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

ஆனால் ஊகத்தைச் சோதிக்க முடியும். கம்பெனி பஸ் தம்பியை எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு இறக்கிவிட்டது, கூட இறங்கியவர் யார், நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு எத்தனை நிமிட நடை, வழியில் எந்தக் கடையில் கேமரா. மூன்று மாதம் ஆகிவிட்டதால் கேமராப் பதிவு பெரும்பாலும் அழிந்திருக்கும். பஸ் டிரைவர் அழியவில்லை. இவற்றை நீங்கள் துப்பறியப் போக வேண்டாம், தம்பியை உட்காரவைத்துக் கேள்வி கேட்கவும் வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளில் கேள்விகளாக எழுதி இன்ஸ்பெக்டரிடம் கொடுங்கள், மனு ஏற்புச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். அதே தாளில், காயம் பற்றிப் போஸ்ட்மார்ட்டம் டாக்டரிடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கும்படியும் ஒரு வரி சேருங்கள். இல்லாவிட்டால் 'நடவடிக்கை கைவிடப்பட்டது' என்று ஒரு நாள் கோப்பு மூடப்படும். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். சித்தப்பாவின் வாய்தான் மூடாது.

அந்தத் தாளில் முதல் கேள்வியாக இதை எழுதுங்கள். அன்று மோட்டாரை யார் நிறுத்தியது? அப்பா நினைவில்லாமல் கிடந்தார். தம்பி ஆம்புலன்ஸில் ஏறிப் போய்விட்டார். நீங்கள் கொளத்தூரில் இருந்தீர்கள். யாரோ ஒருவர் உங்கள் வீட்டுக்குள் வந்து அந்த ஸ்விட்சை அணைத்திருக்கிறார். படி கழுவுவதற்கு முன் எப்படி இருந்தது என்று அவர் பார்த்திருக்கிறார். அவரை இதுவரை யாரும் விசாரித்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை.